ஒரே மஞ்சளில் பதினோரு பாட்டில்

பல்லடம் போகிற ரோட்டில் ஒரு பரிசோதனைக்கூடம். அங்கே சீடனுக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தொன்று. சீடன்தான் முதலாளி. குரு அவரிடம் சம்பளம் வாங்குகிற பெண்.

சீடன் பெயர் சென்னியப்பன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைத் துப்பிவிட்டது. பனியன் கம்பெனிகளின் கழிவுத்துணியை மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து, பேரம் பேசிப் பேசி, தொண்டையாலேயே மேலே வந்தவர். கோபம் வந்தால் எதிரில் நிற்பது ஆளா சுவரா என்று பார்க்க மாட்டார். வயதான டாக்டர் ஒருவர் விற்ற இந்தக் கூடத்தை அவர் வாங்கியபோது ஊர் சிரித்தது.

“மூட்டை தூக்கினவனுக்கு மூத்திர வியாபாரம்” என்றது.

“சிரிங்கடா” என்றார் சென்னியப்பன்.

ஆனால் தனக்குத் தெரியாத தொழிலில் அடுத்தவர் சொல்வதை நம்பி உட்கார அவரால் முடியாது. அப்படி நம்பி மூன்று முறை கவிழ்ந்தவர். ஆகவே, கூடத்தில் கிருமி பார்க்கிற ஜெசிந்தாவிடம் போய் நின்றார்.

“எனக்கு இந்தத் தொழிலைக் கத்துக்குடு அம்மிணி.”

“குடுக்கறனுங்ணா. ஆனா காலைல ஆறுல இருந்து எட்டு வரைக்கும் நீங்க முதலாளி இல்லை.”

“பின்னே யாரு?”

“நான் சொல்றதைக் கேக்கறவரு.”

“ஏழரை வரைக்கும்னு வெச்சுக்கலாம்.”

“எட்டு.”

“ஏழே முக்கால். உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.”

“எட்டுங்ணா.”

அவர் வாழ்க்கையில் பேரம் படியாமல் ஒத்துக்கொண்ட விஷயங்கள் குறைவு. இது அதில் ஒன்று. அன்றுமுதல் அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டார். பாதி கிண்டல், பாதி நிஜம்.

நான்கு மாதம் போனது. சிறுநீரை இயந்திரத்தில் சுழற்றி, அடியில் படிந்ததை ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் சீழ் செல்லை எண்ணப் பழகியிருந்தார். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் விடவே இல்லை.

“சீழ் இருக்குது, சரி. எங்கிருந்து வருது?”

“அது இந்தச் சொட்டுக்குத் தெரியாதுங்ணா. கீழே மூத்திரப் பையில இருந்தும் வரும். மேலே கிட்னியில இருந்தும் வரும். பாட்டிலுக்குள்ள விழுந்ததுக்கப்புறம் எல்லாம் ஒண்ணுதான்.”

“அப்புறம் என்ன மயித்துக்கு டெஸ்ட்டு?”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியே வாசலில் பிளாஸ்டிக் பைப் கிடந்தது. அதைக் காட்டினாள்.

“கிட்னிக்குள்ள தலைமுடியை விடச் சன்னமா குழாய் இருக்குதுங்ணா. ஆயிரக்கணக்குல. அதுக்குள்ள சீழ் அடைச்சு உறைஞ்சுதுன்னா, அந்தக் குழாய் எந்த வடிவமோ அதே வடிவத்துல வார்த்த மாதிரி வெளியே வந்து விழும். காஸ்ட்டுன்னு பேரு. அது ஒண்ணைப் பாத்துட்டா, மேலேதான்னு சொல்லிடலாம்.”

“எனக்கு ஒண்ணு காட்டு.”

“கேட்டா வராதுங்ணா. லைட்டைக் குறைச்சு வெச்சு, கண்ணாடி ஓரத்துலயே தேடணும். நடுவுல இருக்காது. ஓரத்துல ஒதுங்கிக் கிடக்கும்.”

நான்கு மாதமாக அவர் ஓரத்திலேயே தேடினார். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

சித்திரை மாதம். ஊருக்கு மேற்கே இருக்கும் நூல்மில் ஒன்றில் நாற்பத்திரண்டு பெண்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்கிற வேலையைச் சென்னியப்பன் பிடித்தார். அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து நூல் வாங்குகிறவர்கள் மில்லைப் பார்க்க வருகிறார்கள். பெண்களின் உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவர்களுக்குக் காகிதம் காட்ட வேண்டும். மேனேஜர் பத்மநாபன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ராத்திரி ஷிப்ட் முடிந்து, ஹாஸ்டல் பஸ் கிளம்புவதற்குள், ஒரு மணி நேரத்தில் நாற்பத்திரண்டும் எடுத்துவிட வேண்டும்.

“ஒரு மணி நேரம் எதுக்குங்க? அம்பதே நிமிசம்” என்றார் சென்னியப்பன். பேரத்தில் அவருக்கு வாய் முந்தும்.

“நானும் வரனுங்ணா” என்றாள் ஜெசிந்தா.

“பாட்டில் நீட்டறதுக்கு எதுக்கும்மா படிப்பு? நீ இங்கே வர்றவங்களைப் பாரு.”

“கழுவிட்டு வரச் சொல்லோணும். முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல பிடிக்கச் சொல்லோணும். அவசரப்படுத்தக் கூடாது.”

“சொல்றேன், சொல்றேன்” என்று டிரைவரைக் கிளப்பிக்கொண்டு வண்டி ஏறினார்.

விடியற்காலை ஐந்தரை. மில்லுக்குள் இருந்து பெண்கள் தலையில் பஞ்சோடு வந்து வரிசையில் நின்றார்கள். கழிப்பறை இரண்டுதான். சூப்பர்வைசர் பெண் ஒருத்தி கதவுக்குக் கதவு தட்டிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் பாட்டிலை நீட்டினார்.

“ஆளுக்கு ஒரு நிமிசம்! போனமா வந்தமான்னு இருக்கோணும்! உள்ள என்ன, பிரசவமா பாக்கறீங்க?”

பெண்கள் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை.

சுவரோரம் ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சித்திரைப் புழுக்கத்தில் போர்வை போர்த்தியிருந்தாள். ஒரு கை இடுப்புக்கு மேலே விலாவைப் பிடித்திருந்தது.

“ஏம்மா, எந்திரி. உனக்கு மட்டும் தனியாக் கொண்டாந்து குடுக்கோணுமா? மகாராணி!”

அவள் எழுந்தாள். பாட்டிலை வாங்கிக்கொண்டாள். இருபத்தேழாம் எண்.

ஐம்பது நிமிடத்தில் நாற்பத்திரண்டும் முடிந்தது. சென்னியப்பன் ஏழு மணிக்கெல்லாம் ஐஸ் பெட்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டார். இன்னும் ஒரு மணி நேரம் சீடன்.

“பாத்தியா வாத்தியாரம்மா? சொன்ன டைம்ல அடிச்சுட்டு வந்துட்டேன்.”

அவள் கையுறை மாட்டினாள். ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு துளியெடுத்துக் கிருமி வளரும் தட்டில் இழுத்தாள். அவர் ஒவ்வொன்றிலும் நிறம் மாறுகிற அட்டைக்குச்சியை முக்கி, பார்த்துச் சொன்னார். அவள் எழுதினாள். அநேகம் பாட்டில்களில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. கஷாயம் மாதிரி கறுத்த நிறம்.

“ஆறாம் நம்பர். சர்க்கரை ரெண்டு பிளஸ்.”

“ம்.”

“ஒம்பது. சர்க்கரை ரெண்டு பிளஸ்.”

“ம்.”

“பதினாலு. ரெண்டு பிளஸ். என்ன வாத்தியாரம்மா, மில்லுல எல்லாருக்கும் பாயாசமா ஊத்தறான்?”

அவள் எழுதுவதை நிறுத்தினாள். அவரும் நிறுத்தினார். கஷாயக் கறுப்புக்கு நடுவே அங்கங்கே நிறைய நிறைய இருந்த பாட்டில்களை மட்டும் பொறுக்கி எடுத்து வெள்ளை டைல்ஸ் மேல் வரிசையாக வைத்தார். பதினொன்று. எலுமிச்சம்பழம் அடுக்கின மாதிரி, பளீரென்று ஒரே மஞ்சள்.

“சத்து மாத்திரை சாப்பிட்டா இந்த நிறம் வருங்ணா” என்றாள் ஜெசிந்தா.

“பதினோரு பேரும் சொல்லி வெச்சுட்டா மாத்திரை போட்டாளுக?” சென்னியப்பன் குனிந்து பார்த்தார். “முப்பது வருசம் கழிவுத்துணி பாத்த கண்ணு இது. ஒரே சாயத்தொட்டியில முக்கினதா, வேற வேற தொட்டியான்னு பத்தடி தூரத்துல இருந்து சொல்லுவேன். இது ஒரே தொட்டி.”

மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தார்கள். பதினொன்றும் சுத்தம். சீழ் இல்லை.

“ஒருத்தியோடதைப் பதினோரு பாட்டில்ல ஊத்தியிருக்காளுக.” அவருக்குக் காது சிவந்தது. “களவாணிக் கூட்டம்! நான் வெயில் ஏறறதுக்குள்ள ஓடி ஓடி எடுத்தா, இவளுக என்னையவே ஏமாத்தறாளுகளா? கழிவுல கல்லு வெச்சுக் கட்டற பயலுகளைக்கூடப் பாத்திருக்கேன். மூத்திரத்துல கலப்படம் பண்றவளுகளை இப்பத்தான் பாக்கறேன்!”

போன் அடித்தது. மேனேஜர் பத்மநாபன்.

“சென்னியப்பன், ரிப்போர்ட் பன்னெண்டு மணிக்கு வந்துரணும். அதுல ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லுங்க. இருபத்தேழு. அன்னக்கொடின்னு ஒருத்தி. நாலு நாளா காய்ச்சல், குளிருதுன்னு நடிச்சிட்டிருக்கா. ரிப்போர்ட்ல ஏதாச்சும் இருந்தா லீவு. இல்லேன்னா இன்னைக்கு ராத்திரி மிஷின்ல ஏத்திருவேன்.”

சென்னியப்பன் மேசையைப் பார்த்தார். மஞ்சள் வரிசையில் ஏழாவதாக நின்றது இருபத்தேழு.

“கூப்பிடறேன்” என்று வைத்தார்.

“போர்வை போத்தியிருந்தவ” என்றார். “விலாவைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா. அவளும் இதுல கூட்டு.”

“குளிரா? விலா வலியா?” ஜெசிந்தாவின் குரல் மாறியது. “எந்தப் பக்கமுங்ணா?”

“எந்தப் பக்கமா இருந்தா என்ன? பாட்டில்ல அவ பேரு ஒட்டியிருக்கு. பாட்டில் சுத்தம். சுத்தம்னு எழுது. ஏமாத்தினவ அனுபவிக்கட்டும்.”

“இது அவளோடதே இல்லையே.”

“அது அவளுக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சுதானே குடுத்தா?”

“நான் கையெழுத்துப் போட மாட்டனுங்ணா.”

அவர் சுவரைப் பார்த்தார். மணி எட்டாகி ஐந்து நிமிடம்.

“எட்டாச்சு. இப்ப நான் முதலாளி. கையெழுத்துப் போடு!”

கூடம் அதிர்ந்தது. வெளியே ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஜெசிந்தா மெதுவாக எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு காலிப் பாட்டிலை எடுத்தாள். அவர் கையில் வைத்தாள்.

“என்னது?”

“உங்களோடது வேணும். இதுல கோடு போட்டிருக்கு பாருங்க, அது வரைக்கும்.”

“இப்பத்தான் பத்து நிமிசம் முன்னாடி போயிட்டு வந்தேன்.”

“பரவால்லீங்ணா. ஒரு நிமிசம்.”

அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கோபத்தோடேயே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

கதவு தட்டப்பட்டது.

“ஆச்சுங்களா?”

“இரும்மா!”

மறுபடி தட்டு. இந்தத் தடவை உள்ளங்கையால், பலமாக.

“போனமா வந்தமான்னு இருக்கோணும்! உள்ள என்ன, பிரசவமா பாக்கறீங்க?”

வெளியே காத்திருந்தவர்கள் சிரிப்பது உள்ளே கேட்டது. சென்னியப்பனுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. அந்த வார்த்தையை இவள் எங்கே கேட்டாள்? கூட வந்த டிரைவர் சொல்லிச் சிரித்திருப்பான். முக்கினார். பல்லைக் கடித்தார். ஐம்பத்திரண்டு வயது உடம்பு ஒரு சொட்டுக்குக் கூட மசியவில்லை. மூன்றாம் முறை கதவு அதிர்ந்தபோது, குழாயைத் திறந்து தண்ணீரைப் பிடித்துவிடலாமா என்று கை தானாகக் குழாய்க்குப் போனது. போன கையை அவரே பார்த்தார்.

வெறும் பாட்டிலோடு வெளியே வந்தார்.

ஜெசிந்தா அதை வாங்கிக்கொண்டாள்.

“உங்க பக்கத்துல யாராவது நிறைய வெச்சுட்டு நின்னிருந்தாங்கன்னா?” என்றாள்.

அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

மில் கேட்டில் அவரை உள்ளே விடவில்லை. கேண்டீன் பக்கத்து மதில் வழியாகப் புகை வந்தது. அங்கே ஒரு சின்னக் கம்பிக் கதவு. கதவருகே ஒரு பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கனத்த உடம்பு. காலையில் வரிசையில் நின்றவள். ஆறாம் எண், மஞ்சள் வரிசையில் முதல் பாட்டில். பெயர்கூட அவருக்கு நினைவிருந்தது, பேச்சியம்மாள்.

“நீதானா?” என்றார், எடுத்த எடுப்பில்.

அவள் கீரையைக் கீழே வைத்தாள்.

“சத்து மாத்திரை சாப்பிடறியா?”

“ஆமாங்கய்யா. கால் மதமதங்குது, மருந்துக்கடையில குடுத்தாக.”

“பத்துப் பேருக்கு ஊத்திக் குடுத்தியா?”

அவள் மறைக்கவில்லை. “குடுத்தேன்.”

“வெக்கமா இல்லை?”

“எதுக்கய்யா வெக்கம்? வெளிய நீங்க ஒரு பக்கம் கத்துறீக, அந்தச் சூப்பர்வைசரு ஒரு பக்கம் கதவை உடைக்கிறா. பிள்ளைக உள்ள உக்காந்து அழுகுதுக. வரலேக்கா வரலேக்காங்குதுக. எனக்குப் பெரிய செம்பு நிறைய வந்துச்சு. ஊத்துனேன். கேட்டவுகளுக்கு ஊத்திக் குடுக்குறதுதானே என் வேலை? இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்லை.”

சென்னியப்பன் கம்பிக் கதவுக்கு இன்னும் கிட்டே வந்தார்.

“ஏன் வரலை அவளுகளுக்கு?”

“தண்ணி குடிச்சாத்தானே வரும்?”

“ஏன் குடிக்கறதில்லை?”

பேச்சியம்மாள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். இதுகூடத் தெரியாமல் எதைச் சோதிக்கிற ஆள் இவர் என்பது போல.

“கக்கூசுக்குப் போகணும்னா கட்டை வேணும், பாஸு மாதிரி ஒரு மரக்கட்டை. லைனுக்கு ஒரு கட்டை. முப்பது பேருக்கு ஒண்ணு. சூப்பர்வைசரு மேசையில ஆணியில தொங்கும். எடுத்துட்டுப் போனா எத்தனை நிமிசம்னு நோட்டுல ஏறும். மாசக் கடைசியில அதைப் படிப்பாக, எல்லாரு முன்னாடியும். வயசுப் பிள்ளைகய்யா. அதுக்குப் பயந்து ராத்திரி முச்சூடும் நாக்கைக்கூட நனைக்கிறதில்லை. நான் அடுப்படி, எனக்குக் கட்டை கிடையாது. அதனால எனக்கு வருது.”

“அன்னக்கொடி எங்கே?”

“ஹாஸ்டல்ல. கஞ்சி குடுத்தேன், கக்கிட்டா. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. அவளுக்கும் நான்தான் ஊத்துனேன்.” அவள் குரல் இறங்கியது. “தப்பாய்யா?”

அவர் கம்பிக் கதவைப் பிடித்திருந்தார்.

“உனக்குச் சர்க்கரை இருக்கு. நாளைக்குக் கூடத்துக்கு வா” என்றார்.

அங்கிருந்து நேராக ஆபீஸ். காவலாளி தடுத்தான். சென்னியப்பன் கத்திய கத்தலில் மேனேஜர் பத்மநாபனே வெளியே வந்தார்.

“என்ன சென்னியப்பன், ரிப்போர்ட்டுக்குப் பதிலா நீங்க வந்திருக்கீங்க?”

“அன்னக்கொடியை என்கூட அனுப்புங்க. திரும்ப எடுக்கோணும்.”

“எடுத்தாச்சுல்ல? அவளை வெளிய விட்டா ஊருக்கு ஓடிருவா.”

“ஓடற நிலைமையிலயா இருக்கா?”

“அதைச் சொல்லத்தான் உங்களுக்கு டெஸ்ட்டு குடுத்தோம்.”

சென்னியப்பனுக்கு மேசையைப் புரட்ட வேண்டும்போல் இருந்தது. புரட்டவில்லை. முப்பது வருடத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை வேறு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலை இறக்கினார்.

“பத்மநாபன் சார், நாப்பத்திரண்டு பாட்டில் எங்கிட்ட இருக்குது. அதுல பதினொண்ணு ஒரே பொம்பளையோடது. உங்க வெள்ளைக்காரப் பார்ட்டி வர்றப்ப, ஏன் அப்படின்னு நான் சொல்லட்டா? கட்டையைப் பத்திச் சொல்லட்டா? ஆணி எங்கே இருக்குன்னு காட்டட்டா?”

“மிரட்டறீங்களா?”

“வியாபாரம் பேசறேன். அன்னக்கொடியை இப்ப அனுப்போணும். மத்த பத்துப் பேரு நாளைக்குக் காலைல என் கூடத்துக்கு வரோணும். சூப்பர்வைசரு கூட வரக் கூடாது.”

“அன்னக்கொடியைக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு மணி நேரம். மத்தது அப்புறம் பேசலாம்.”

“அப்புறம்கிற வார்த்தையில நான் மூணு தடவை மொட்டையாயிருக்கேன் சார். இப்பவே.”

பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கட்டையைப் பத்தி வெளியே பேச்சு வரக் கூடாது.”

“அது நீங்க கட்டையைக் கழட்டறதைப் பொறுத்தது.”

பத்மநாபன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காவலாளியைப் பார்த்துத் தலையாட்டினார்.

அன்னக்கொடிக்குப் பத்தொன்பது வயதிருக்கும். தேனிப் பக்கம். இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினார்கள். காலையில் தன்னை மகாராணி என்று சொன்ன ஆளைப் பார்த்ததும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

“நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம் கண்ணு” என்றார்.

“வேணாம்.” போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. “ரிப்போர்ட்டு இல்லாமப் போனா, சொல்லாம ஓடிட்டான்னு எழுதிருவாங்க. மூணு வருசம் முடிச்சாத்தான் மொத்தப் பணமும் கைக்கு வரும், இன்னும் ஏழு மாசந்தான் இருக்கு. மூணு வருசமும் பாழாப் போயிரும்.”

கூடத்தில் ஜெசிந்தா அவளை உள்ளறைக் கட்டிலில் படுக்க வைத்தாள். முதுகில் விலா முடிகிற இடத்தில் விரலால் லேசாகத் தட்டினாள். பெண் துள்ளி விழுந்தாள். ஜெசிந்தா சென்னியப்பனைப் பார்த்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து மடக்கு மடக்காகக் கொடுத்தாள்.

“எப்ப வருதோ அப்பப் போனாப் போதும். யாரும் கதவைத் தட்ட மாட்டாங்க.”

“வரலேன்னா?”

“வர்ற வரைக்கும் உக்காந்திருப்போம்.”

சென்னியப்பன் வெளியே நடந்தார். உள்ளே வந்தார். மறுபடி வெளியே போனார். கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணி நேரத்தில் முக்கால் மணி போய்விட்டது. “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்க வாயெடுத்து, ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். கழிப்பறைக்குப் போகிற வழியில் அவரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொண்டார். ரத்தம் கொடுக்க வந்த ஒருத்தர் “ஏனுங்க, அவசரமுங்க” என்றார். “ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில கேளுங்க” என்று அனுப்பினார்.

ஒரு மணி நேரம் கழித்து அன்னக்கொடி பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். கால் பாட்டில்கூட இல்லை. கலங்கிப்போய், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி.

“நீங்க பாருங்ணா” என்றாள் ஜெசிந்தா.

அவர் சுழற்றினார். மேலே இருந்ததைக் கொட்டினார். அடியில் படிந்ததை ஒரு சொட்டுக் கண்ணாடியில் வைத்தார். கண்ணை வைத்தார். ஒன்றும் தெரியவில்லை, ஒரே வெளிச்சம்.

“லைட்டைக் குறைங்க.”

குறைத்தார். சீழ் செல்கள் கடுகு கொட்டினது போல் கிடந்தன. எண்ணுகிற அளவில் இல்லை. மெதுவாகக் கண்ணாடியை நகர்த்தி ஓரத்துக்குப் போனார்.

அங்கே கிடந்தது. நீளமாக, இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில், உள்ளே சீழ் செல்கள் நெருக்கி அடைத்து, குழாய்க்குள்ளிருந்து உருவி எடுத்த மாதிரி. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அப்பால் உடைந்த ஒன்று.

நான்கு மாதமாகத் தேடியது. அவர் கண்ணை எடுத்தார்.

“மேலே” என்றார்.

ஜெசிந்தா பார்த்தாள். நிமிர்ந்தாள். உடனே ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து எப்போதையும் விடப் பெரிதாக இருந்தது. சென்னியப்பன் அதை மில்லுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நான்கு மணிக்குத் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் கசங்கியிருந்தது.

“சேத்துக்கிட்டாங்க” என்றார். “ட்ரிப்ஸ் ஏறுது. பெழச்சுக்குவாளாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும்னு டாக்டர் என்னைப் பிடிச்சுத் திட்டினான். நான் அவளுக்கு அப்பன்னு நெனச்சுட்டான். ஏன்யா புள்ளையை இப்படி விட்டேங்கறான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வாங்கிக்கிட்டேன்.”

அவர் உட்காரவில்லை. மேசைக்கும் கதவுக்கும் நடந்தார். நடக்க நடக்கக் கோபம் திரும்ப ஏறியது.

“அந்தப் பத்மநாபனைச் சும்மா விடப் போறதில்லை வாத்தியாரம்மா. கட்டையைக் கழட்டலேன்னா ஆணியோட பிடுங்கிட்டு வரேன். அந்தச் சூப்பர்வைசரு பொம்பளை! அவளும் பொம்பளைதானே? கதவை அந்த இடி இடிக்கறாளே, மனுசியா அவ? இவனுக எல்லாம் ராத்திரி சோறு திங்கறானுகளா, வேற எதையாச்சும் திங்கறானுகளா?”

ஜெசிந்தா அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சிவப்பு அட்டை நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

“என்ன இது?”

“சரியில்லைன்னு தள்ளின சாம்பிளை இதுல எழுதி வெக்கோணும். சட்டம். பதினொண்ணையும் எழுதிருங்க. நாளைக்கு அவங்க வர்றதுக்கு முன்னாடி.”

நான்கு கட்டம் போட்டிருந்தது. எண். பெயர். சாம்பிள் எடுத்தவர். காரணம்.

சென்னியப்பன் உட்கார்ந்தார். எட்டாவது தாண்டாத கையெழுத்தில் எண்களை எழுதினார். பெயர்களை எழுதினார். பதினோராவது பெயரை முடித்துவிட்டு, பேனாவைக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது நின்றது.

“காரணம்னு என்ன எழுதட்டும்? கட்டைன்னு எழுதட்டா? பத்மநாபன்னு எழுதட்டா? அந்தப் பொம்பளை பேரை எழுதட்டா? ஒரு கட்டத்துல அடங்குமா இது?”

“எல்லாத்தையும் எழுதலாங்ணா. இடம் பத்தலேன்னா தாள் ஒட்டிக்கலாம்.”

“அப்பச் சரி.” அவர் பேனாவை அழுத்திப் பிடித்தார்.

அவள் குனிந்து, அவர் தாண்டி வந்த கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“எடுத்தவர் பேரு காலியா இருக்குதுங்ணா” என்றாள். “பதினோரு வரியிலயும்.”